கப்பல் பயணத்துக்கு எத்தனை ஜோடி செருப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்தில் இருந்துகொண்டு குடும்பங்களையும் சிறு குழுக்களையும் கப்பல் பயணத்துக்கு அனுப்பி வைக்கிறேன். பாதிப் பயணங்களுக்கு நானும் கூடவே போவேன். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா என்ற கப்பல் கம்பெனியின் எம்பிரஸ் கப்பல் ஓட ஆரம்பித்த பிறகு நம்ம பக்கத்து ஆட்களுக்குக் கப்பல் கைக்கெட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. பணம் கட்டி முடித்த அன்று சாயங்காலமே போன் வரும். பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்பதைவிடக் காலில் என்ன போடுவது, எத்தனை எடுப்பது என்று கேட்பவர்கள்தான் எப்போதும் அதிகம். கேட்க வேண்டிய கேள்விதான் அது. மஞ்சள் விற்ற காசைச் சேர்த்து வைத்துக் கிளம்புகிறவர்கள், முதல் நாளே குதிகாலில் கொப்புளம் வந்து மீதி நாலு நாளும் அறைக்குள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் போனில் சொல்கிற பதில்களை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, மொத்தத்துல எத்தனை ஜோடி எடுக்கோணுமுங்க?

மூன்று. காலில் போட்டுக்கொண்டு கிளம்புவது ஒன்று, பையில் இரண்டு. மூன்று நாள் பயணமானாலும் பத்து நாள் பயணமானாலும் இதே கணக்குத்தான்.

நாளை எண்ணிச் செருப்பு எடுக்கிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். சட்டை வியர்வையில் நனையும், தினம் ஒன்று வேண்டும். செருப்புக்கு அந்தக் கணக்கு இல்லை. கால் எங்கெங்கே படப்போகிறது என்று எண்ணுங்கள். கப்பலில் அது மூன்றே விதமான தரைதான். நீச்சல் குளத்தைச் சுற்றியும் மேல்தளத்திலும் நனைந்த தரை. ஊர் சுற்றவும் படி ஏறவும் நடக்கிற தரை. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் விருந்துத் தரை. தரைக்கு ஒன்று வைத்தால் மூன்று.

நடக்கிற தரையைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். “கப்பல்ல உக்காந்துட்டுத்தானே போகப்போறோம்” என்பார்கள். எம்பிரஸ் கப்பலுக்கு 11 தளம், நீளம் ஏறக்குறைய 210 மீட்டர். சிங்கப்பூரிலிருந்து போகும் கெண்டிங் ட்ரீம் 335 மீட்டர். அந்த மாதிரிப் பெரிய கப்பலில் உங்கள் அறை முன்கோடியிலும் சாப்பாட்டுக்கூடம் பின்கோடியிலும் அமைந்துவிட்டால், மூன்று வேளை சாப்பிட்டு வருவதிலேயே இரண்டு கிலோமீட்டர் ஆகிவிடும். லிஃப்ட் முன்னால் எப்போதும் கூட்டம், அதனால் மாடிப்படியிலும் ஏறி இறங்குவீர்கள். ஆகவே மூன்றில் நல்ல ஜோடி எது என்றால் நடக்கிற ஜோடிதான். காசு போடுவதானால் அதில் போடுங்கள்.

அஞ்சு நாளைக்கு அஞ்சு சேலை எடுத்து வச்சிருக்கறனுங்க. சேலைக்கு ஏத்தாப்பல செருப்பு வேண்டாமுங்களா?

வேண்டாம் அக்கா. மங்கின தங்க நிறத்திலோ செம்பு நிறத்திலோ ஒரே ஒரு செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக்கும் சேரும், அரக்குக்கும் சேரும், கறுப்புக்கும் சேரும். கல்யாண வீட்டில் மணவறைப் பக்கம் நிற்பவர்கள் காலைப் பாருங்கள், பாதிப் பேர் அந்த நிறம்தான் போட்டிருப்பார்கள்.

அதைவிட முக்கியம் உயரம். இன்றைக்கு ஹீல்ஸ், நாளைக்குத் தட்டைச் செருப்பு என்று மாற்றினால் சேலை கட்டுகிற உயரமும் மாற வேண்டும். ஹீல்ஸ் உயரத்துக்குக் கொசுவம் வைத்துக் கட்டிய சேலையோடு, கால் வலிக்கிறது என்று தட்டைச் செருப்புக்கு மாறினால் ஓரம் தரையில் இழுபடும். மாடிப்படியில் அதை மிதித்துத்தான் விழுவது. எல்லாச் சேலையையும் அந்த ஒரே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றபடியே கட்டிப் பழகுங்கள்.

குச்சி மாதிரி ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். கப்பல் லேசாக ஆடும்போது உடம்பு தானாகவே ஒரு பக்கம் சாயும், அப்போது குதிகாலுக்கு அகலமான பிடிப்பு வேண்டும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போட்டிருக்கும் சாய்வுப் பலகையில் வழுக்காமல் இருக்கக் குறுக்கே பட்டை பட்டையாக அடித்திருப்பார்கள். குச்சி ஹீல்ஸ் அதில் சிக்கும். ஒரு அங்குலத்துக்குள் கட்டை ஹீல்ஸ் போதும், பின்னால் பட்டை வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

பம்ப்செட் கம்பெனி டீலர் டூருல கூட்டிட்டுப் போறாங்க. ஒரு நாள் ராத்திரி கோட் சூட் போட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க. கல்யாணத்துக்கு வாங்குன ஷூ பொட்டிக்குள்ளயே இருக்குது, அதவே எடுத்துக்கலாமுங்களா?

எடுப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள். தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

நான் கூடப் போயிருந்த ஒரு டீலர் டூரில் பொள்ளாச்சிப் பக்கத்து அண்ணன் ஒருவர் வந்திருந்தார். ரிசப்ஷனுக்கு வாங்கிய கறுப்பு ஷூ, ஆறு வருசமாகப் பீரோ மேல் பெட்டிக்குள் இருந்தது. மேல்தோல் பளபளவென்று கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்துக்குள் வந்தார். வாசலிலிருந்து மேசை வரைக்கும், வெளிர்நிறக் கம்பளத்தில் எள்ளுப் பிண்ணாக்கு உதிர்ந்த மாதிரி கறுப்புத் துகள். அவர் காலைத் தூக்கிப் பார்க்கிறார், அடிப்பாகம் பாதி இல்லை. தொட்டால் பிசுபிசுப்பாக விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இன்னும் அரை மணி நேரத்தில் மேடை ஏறி விருது வாங்க வேண்டிய மனுசன். கையில் இருந்த இன்னொரு ஜோடி ரப்பர் செருப்பு. கடைசியில் மச்சான் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். அது ஒரு சைஸ் பெரிது. நுனியில் துணியைச் சுருட்டித் திணித்துப் போட்டுக்கொண்டு போனார். மேடையில் நின்ற நேரம் முழுக்க அவர் பார்வை காலிலேயே இருந்தது. அந்த முகவாட்டம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இது யாருக்கும் நடக்கும். எடை குறைவாகவும் மெத்தென்றும் இருக்கட்டும் என்று இப்போது நிறைய ஷூக்களுக்குப் பாலியூரித்தேன் என்ற பொருளில் அடிப்பாகம் வார்க்கிறார்கள். காற்றில் இருக்கும் ஈரம் சன்னஞ்சன்னமாக அதை உள்ளுக்குள் உடைத்துக்கொண்டே இருக்கும். போடாமல் வைத்திருந்தால் புதுசாகவே இருக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் வருசக்கணக்கில் காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் கிடப்பதும் அதற்குக் கேடுதான். மேல்தோலில் ஒன்றும் தெரியாது. ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் அப்படியே நின்றாலோ பிசுபிசுத்தாலோ அது முடிந்த கதை. நன்றாக வளைத்துப் பாருங்கள், விரிசல் விட்டால் எடுக்க வேண்டாம். அதில் தப்பித்தாலும் இரண்டு நாள் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்து பாருங்கள். அடிப்பாகம் கெட்டியாக இருந்து பசை மட்டும் விட்டிருந்தால் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றிலும் தையல் போடச் சொல்லுங்கள். பசையை மட்டும் வைத்து ஒட்டி அனுப்பினால் கடல் ஈரத்தில் மறுபடியும் வாய் திறக்கும்.

கோட் சூட்டெல்லாம் நமக்கு ஆவாதுங்க. வேட்டி சட்டை போட்டாச் செருப்பு எது?

தோல் செருப்பு. வேட்டிக்கு அதுதான் அழகும். ராத்திரி விருந்துக்கு அவரவர் நாட்டு உடையை ஏற்றுக்கொள்வது கப்பல்களில் பொதுவான வழக்கம். நான் போன பயணங்களில் வேட்டியில் வந்தவரை யாரும் தடுத்ததில்லை. ரப்பர் செருப்போடு உட்கார்ந்து சாப்பிடும் பெரிய கூடத்துக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். தனியாகப் பணம் கட்டிச் சாப்பிடுகிற சில உணவகங்களில் ஆண்கள் மூடிய ஷூ போட வேண்டும் என்பார்கள். அங்கே மேசை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போறோம், புதுசா ஒன்னு வாங்கிட்டுப் போலாமுன்னு இருக்கறோம்.

வாங்குங்கள், ஆனால் இப்போதே வாங்குங்கள். கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால், சாயங்கால நேரத்தில் கடைக்குப் போங்கள். காலையில் இருக்கும் கால் வேறு, நாளெல்லாம் நின்று நடந்து வீங்கின கால் வேறு. கப்பலில் கால் இன்னும் கொஞ்சம் வீங்கும். ராத்திரி முழுக்க ரயிலிலோ விமானத்திலோ காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து போகிறோம், போன இடத்தில் உப்பும் ஊறுகாயும் எச்சாகவே உள்ளே போகும். காலையில் வாங்கிய இறுக்கமான ஷூ அங்கே காலைப் பிடிக்கும்.

வாங்கியதை முதல் நாள் அரை மணி நேரம், மறுநாள் ஒரு மணி நேரம் என்று போட்டு நடங்கள். எந்த இடத்தில் உரசுகிறது என்று ஊரிலேயே தெரிந்துவிடும். பழகின பழைய ஜோடி நன்றாக இருக்கிறதென்றால் புதுசு தேவையே இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். செருப்புப் போட்டு நடப்பவர்களில் புதுச் செருப்போடு கிளம்புகிறவர் யாரும் இருக்க மாட்டார்.

எங்க ஆத்தாவுக்கு எழுவத்தஞ்சு வயசு, சக்கரை வேற. காட்டுல வெறுங்காலோடயே நடந்து பழகுனவங்க. செருப்பே வேண்டாமுங்கறாங்க. என்ன பண்றது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் அதிக நேரம் பேசுவேன். ஆத்தாவுக்கு மட்டும் மூன்று ஜோடிக் கணக்கு வேண்டாம், இரண்டு போதும். அந்த இரண்டும் சரியாக இருக்க வேண்டும்.

சர்க்கரை நோய் பல வருசம் இருந்தவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். சுடுவது தெரியாது, குத்துவது தெரியாது. மேல்தளம் மத்தியான வெயிலில் காய்ந்து கிடக்கும். நமக்குக் கால் வைத்தவுடன் சுரீரென்று எடுத்துவிடுவோம். அவர்களுக்கு அது உறைக்காது. கொப்புளம் வந்த பிறகு ராத்திரிப் படுக்கும்போதுதான் தெரியும், அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். காட்டில் ஐம்பது வருசம் வெறுங்காலோடு நடந்தவர் என்பது உண்மைதான், ஆனால் அன்றைக்குக் காலுக்கு உணர்ச்சி இருந்தது.

எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள், சர்க்கரை ஆஸ்பத்திரிகளில் எழுதிக் கொடுப்பது அதுதான். உள்பக்கம் மிருதுவாக, அடிப்பக்கம் கெட்டியாக, பின்னால் பட்டையோடு இருக்கும். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் போகிற செருப்பு அவர்களுக்கு ஆகாது, அந்த இடம் உரசிப் புண்ணாகும். மெட்டி போட்டிருந்தால் வார் அதன்மேல் அழுத்துகிறதா என்றும் பாருங்கள். அதே மாதிரியில் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒன்று நனைந்தால் இன்னொன்று இருக்கும்.

தினமும் ராத்திரி நீங்களே அவர்கள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால், எல்லாம். போடுவதற்கு முன் செருப்புக்குள் கையை விட்டு மணலோ கல்லோ இருக்கிறதா என்று தடவிவிடுங்கள். சாக்ஸ் போடுவதானால் வெள்ளை நிறத்தில், மேல்பட்டை இறுக்காத பருத்தி சாக்ஸ். சின்னக் காயம் பட்டாலும் வெள்ளையில் கறை தெரிந்துவிடும்.

ஒரு பயணத்தில் இப்படி ஒரு அம்மிச்சி வந்தார். கிளம்புகிற அன்று வரைக்கும் செருப்பு வேண்டாம் என்றவர். பேத்தி ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் கையைப் பிடித்து வாசலில் நடக்க வைத்துப் பழக்கியிருந்தாள். கப்பலில் மூன்றாம் நாள் விடியற்காலை மேல்தளத்தில் அவர் தனியாக, கம்பியைப் பிடித்தபடி, பட்டையைச் சரியாகக் குதிகாலில் மாட்டிக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்தேன். “ஏங்கண்ணு, இது காலுக்குப் பாந்தமா இருக்குது” என்றார்.

நம்மூட்டுல உள்ளுக்குள்ள செருப்புப் போட மாட்டோம். கப்பல் ரூமுக்குள்ள எப்படிங்க?

அறைக்குள் வெறுங்காலோடு இருங்கள், அதில் தப்பில்லை. குளியலறை வாசலில் ஒரு படி மாதிரி மேடு இருக்கும், அதில் பெருவிரல் இடிக்காதவர் இல்லை. முதல் நாளே வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். கதவுக்கு வெளியே செருப்பை விடுகிற பழக்கம் மட்டும் அங்கே ஆகாது. காரிடார் குறுகல், அவசரத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள். கதவுக்கு உள்ளே, பீரோவுக்கு அடியில் வரிசையாக விடுங்கள். அறை சின்னது, நாலு பேருக்கு ஆளுக்கு அஞ்சு ஜோடி என்றால் இருபது ஜோடி அங்கே கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இறங்குற ஊர்ல கோயிலுக்குப் போவோமுங்க. அதுக்கு எது?

நம்ம ஆட்களுக்கு இது முக்கியமான கேள்வி. காங்கேசன்துறையில் இறங்கினால் நல்லூர்க் கந்தசாமி கோயில், கீரிமலை. திருகோணமலையில் இறங்கினால் கோணேசுவரம். எல்லா இடத்திலும் செருப்பைக் கழற்றி மாட்ட வேண்டும். நல்லூரில் ஆண்கள் சட்டையையும் கழற்ற வேண்டும். லேஸ் கட்டிய ஷூவோடு போனால் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்வதிலேயே போய்விடும். பின்பட்டை ஒட்டுகிற மாதிரி இருக்கும் நடைச் செருப்புத்தான் அந்த நாளைக்கு ஏற்றது. ரப்பர் செருப்போடு போகாதீர்கள். கோணேசுவரத்துக்குப் பாறை மேட்டில் ஏற வேண்டும், உள்ளங்காலுக்குத் தாங்கல் வேண்டும்.

சிங்கப்பூர்க் கப்பலில் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் இறங்குகிறவர்கள் பத்துமலைக்குக் கட்டாயம் போவார்கள். 272 படி. சென்னிமலையின் 1,320 படியை ஏறிப் பழகியவர்களுக்கு எண்ணிக்கை ஒன்றுமில்லை, ஆனால் படி செங்குத்து, குகைக்குள் மேலேயிருந்து சொட்டும் தண்ணீரில் தரை ஈரமாக இருக்கும். அடியில் கோடு கோடாகப் பிடிப்பு இருக்கும் செருப்பாகப் போடுங்கள். வெயில் நேரத்தில் கழற்றி விட்டு வந்த பிறகு கல் சுடும், பையில் ஒரு பழைய சாக்ஸ் வைத்திருங்கள்.

லட்சத்தீவுக்குப் போற கப்பலுங்க. கடலுக்குள்ள எறங்கலாமுன்னாங்க.

அப்படியானால் நனைந்த தரைக்கான ஜோடியை மட்டும் மாற்றுங்கள். சாதாரண ரப்பர் செருப்பு அலையில் கழன்று போய்விடும். கணுக்கால் வரை இறுக்கமாகப் பிடிக்கிற, தண்ணீரில் போடும் ஷூ விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும், அதை எடுங்கள். அங்கே அடியில் பவளம் கத்தி மாதிரி இருக்கும், முள்ளெலி மாதிரி உடம்பெல்லாம் முள்ளோடு ஒரு கடல் உயிரும் கிடக்கும். பவளம் கீறின காயம் சீக்கிரம் ஆறாது. அதேசமயம் ஷூ இருக்கிறதே என்று பவளத்தின் மேல் ஏறி நிற்கவும் கூடாது. அது உயிருள்ள பொருள், மிதித்தால் செத்துவிடும். மணல் இருக்கிற இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள்.

கோயமுத்தூர்ல இருந்து பிளைட்டு. வெயிட்டு எச்சாப் போயிருமுங்களா?

எங்கள் அலுவலகத்துப் பார்சல் தராசில் வைத்துப் பார்த்தேன். ஆண்கள் எட்டு நம்பர் தோல் ஷூ ஒரு கிலோ நூறு கிராம். நடைக்கான ஷூ 650 கிராம். கட்டை ஹீல்ஸ் செருப்பு அரைக் கிலோ. ரப்பர் செருப்பு 350. உள்நாட்டு விமானத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் 15 கிலோவில் மூன்று ஜோடி கூடுதலாக எடுத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் செருப்பே தின்றுவிடும். கோவையிலிருந்து நேராகச் சிங்கப்பூர் போகும் ஸ்கூட் விமானத்தில் பெரிய பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், கையில் எடுத்துப் போவது 10 கிலோ. அதனால் கனமான ஜோடியைக் காலில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், உட்கார்ந்த பிறகு லேஸைத் தளர்த்திவிடுங்கள்.

சேரன் எக்ஸ்பிரஸிலோ ஏற்காடு எக்ஸ்பிரஸிலோ சென்னை போய் ஏறுகிறவர்களுக்கு எடைத் தொல்லை இல்லை. ஆனால் சென்ட்ரலில் பெட்டியைத் தூக்குவது நீங்கள்தான்.

இன்னொன்று. துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். குழந்தைகள் அதற்குள் நீச்சல் குளத்துக்கு ஓடியிருப்பார்கள். ரப்பர் செருப்புகளைக் கைப்பையில் வையுங்கள்.

பொட்டிக்குள்ள எப்படி அடுக்கறது? துணியோட படாம இருக்கோணும்.

திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்குத் தனிப் பை வாங்க வேண்டியதில்லை. பழைய பனியனின் கைப்பக்கத்தையும் கழுத்தையும் தைத்துவிட்டால் அடிப்பக்கம் திறந்த பை ஆகிவிடும். ஆளுக்கு இரண்டு தைத்து வையுங்கள். பிளாஸ்டிக் கவரைவிட இது நல்லது, ஈரம் உள்ளே அடைபடாது. ஷூவுக்குள் சாக்ஸ், சார்ஜர், மாத்திரை டப்பா என்று திணித்துவிட்டால் வடிவமும் கெடாது, இடமும் மிச்சம். சக்கரப் பெட்டியில் சக்கரம் இருக்கும் பக்கமாக, அடிப்பாகம் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி வையுங்கள். நிறுத்தும்போது கனம் கீழே இருக்கும்.

கொழந்தைகளுக்கு?

இரண்டு. ஓடுவதற்கு ஒரு ஷூ, தண்ணீருக்குப் பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு. கிராக்ஸ் மாதிரி மெத்தென்ற செருப்பானால் விமான நிலையத்து எஸ்கலேட்டரில் ஓரமாகக் கால் வைக்க விடாதீர்கள், இடுக்கில் இழுத்துவிடும். சுவர் ஏறுவது, கயிற்றில் தொங்கிப் போவது மாதிரி விளையாட்டுகளுக்கு மூடிய ஷூ இல்லாமல் விடமாட்டார்கள். அதற்காக அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

கெளம்புறதுக்கு முன்னால ஏதோ பயிற்சின்னு கூப்புடுவாங்களாமே, அதுக்கும் செருப்பு வேணுமுங்களா?

வேண்டும். ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்பது என்று காட்டுகிற பயிற்சி அது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று ஏறியவர்களில் பலருக்குப் பயிற்சியே ஆகியிருக்கவில்லை. பிறகு விதியை இறுக்கி, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அதை நடத்தியாக வேண்டும் என்று ஆக்கினார்கள். மாடிப்படியில் இறங்க வேண்டியிருக்கும், நடைச் செருப்போடு போங்கள். ராத்திரிப் படுக்கும்போதும் அந்த ஜோடியைக் கட்டிலுக்குப் பக்கத்தில், இருட்டிலும் கால் தேடிப் போய் மாட்டுகிற இடத்தில் விடுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் எல்லா வீட்டிலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் என் அறைக்குப் போவேன்.

பையன் அமெரிக்காவுல இருக்கறான். அலாஸ்கா கப்பலுக்குக் கூட்டிட்டுப் போறானாமா.

அங்கே கணக்கு கொஞ்சம் மாறும். குளிரைவிட மழைதான் தொல்லை. கப்பல்கள் நிற்கும் கெச்சிக்கான் என்ற ஊர் நம்ம வால்பாறை மாதிரி, எந்நேரமும் நனைந்து கிடக்கும். நடைக்கான ஜோடி தண்ணீர் புகாததாக, கணுக்காலை மூடுவதாக இருக்கட்டும். கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி எடுங்கள், அங்கே ஷூவைவிட சாக்ஸ்தான் சீக்கிரம் தீரும். பையனே அங்கிருந்து வாங்கி வைக்கிறான் என்றால் நம்பரைச் சரியாகச் சொல்லுங்கள். ஆண்களுக்கு நம்மூர் எட்டு என்பது அமெரிக்காவில் ஒன்பது, பெண்களுக்கு நம்மூர் ஐந்து அங்கே ஏழு. பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து, நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து அனுப்பினால் தப்பே வராது.

நனைஞ்சு போனா ரூமுக்குள்ள எப்படிக் காய வைக்கறது?

உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு தங்கினால் தோலும் தையலும் விறைத்துப் போகும். பிறகு உள்ளே பனியன் வேஸ்ட்டோ பழைய தினசரியோ திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஹேர் டிரையர் வைத்துச் சூடு காட்டாதீர்கள், பசை விட்டுவிடும். வாடை வந்தால் ஆப்ப சோடா ஒரு ஸ்பூன் உள்ளே தூவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் தட்டிவிடுங்கள்.

நடுக்கடல்ல வார் அறுந்துட்டா?

கப்பலுக்குள் கடை இருக்கும், விலை கூடுதலாக இருக்கும், நம் சைஸ் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். அதனால் என் பையில் எப்போதும் இருப்பவை: பெரிய ஊக்கு நாலு, கெட்டி நூல் கோத்த கோணி ஊசி ஒன்று, சின்னப் பசை டியூப் ஒன்று, ஒரு அங்குல அகலத்தில் வெட்டிய துணிப்பட்டை. ரப்பர் செருப்பில் வார் பிடுங்கிக்கொண்டால் அடியில் ஊக்கைக் குறுக்கே மாட்டினால் ஊர் வந்து சேரும் வரை தாங்கும், ஊக்கு முனை மட்டும் உள்ளே மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தோல் செருப்பு வார் என்றால் கோணி ஊசியால் நாலு தையல் போதும். ஆணோ பெண்ணோ, என் குழுவில் யாருக்கு அறுந்தாலும் ராத்திரி பத்து மணியானாலும் கதவைத் தட்டலாம்.